வேலி ஓரம் நிற்கும் சர்க்கரை

காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் சர்க்கரை நோய்தான். 100 முதல் 125 வரை இருந்தால்? மாடு இன்னும் வயலில் இறங்கவில்லை. வேலி ஓரம் நிற்கிறது. இப்போதே விரட்டலாம்.

நம் நாட்டில் 13 கோடிப் பேருக்கு மேல் இந்த நிலையில் இருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வு இதைச் சொல்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு எப்படித் தெரியும்?

இனிப்பை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வங்காளத்துச் சோறும் பஞ்சாப் ரொட்டியும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். வெல்லமும் சர்க்கரைதான்! சோற்றையும் ரொட்டியையும் குறைக்க வேண்டும். பருப்பு, கீரை, காய் கூட்ட வேண்டும். இதற்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் இதே சாப்பாடு நல்லது.

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன.

இதனால் பலன் உண்டா? இந்தியாவில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. பழக்கத்தை மாற்றச் சொல்லாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றச் சொன்னவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. எல்லாரும் தப்பவில்லை. ஆனால் 16 பேர் குறைவு.

30 வயது ஆனவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சோதிக்கிறார்கள். வேலி ஓரம் நிற்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தம் பார்க்க வேண்டும்.