கிணற்று நீரும் வாவி நீரும்

காத்தான்குடிக்குக் கிழக்கே வங்கக் கடல்; மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையில் இருப்பது ஒடுங்கிய மணல் நிலம். இரு பக்கமும் உவர் நீர் இருக்க, நடுவிலுள்ள கிணறுகளில் நன்னீர் ஊறுவது எவ்வாறு?

வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மாரி மழை மணலினூடாக இறங்கி, மணற் துணிக்கைகளின் இடைவெளிகளில் தங்குகிறது. இதுவே தரைக்கீழ் நீர். நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே நிலத்துக்கடியில் உவர் நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர் நீர் பன்மடங்கு உயரும் என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிகிறது.

இந்நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. நிலத்தின் நடுவில் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் அது வாவிக்கும் கடலுக்கும் மெல்லக் கசிகிறது. இதனை ஆராய்வோர் கிணறுகளின் நீர்மட்டத்தையும் வாவியின் மட்டத்தையும் ஒரே அடிப்படையில் அளந்து ஒப்பிடுகின்றனர். உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கே நீர் செல்லும். நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் உப்பின் அளவும் தெரியும். மாரியிலும் கோடையிலும் தொடர்ந்து அளந்தாலே முழு நிலை விளங்கும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இக்கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. அவற்றைத் துப்புரவாக்க மீண்டும் மீண்டும் நீர் இறைக்கப்பட்டது. ஆனால் மிகையாக இறைப்பது கீழுள்ள உவர் நீரை மேலே இழுக்கக்கூடும் என ஆய்வாளர்கள் எச்சரித்தனர். உப்பைப் படிப்படியாகக் கழுவியது பின்னர் பெய்த மழைதான்.

இன்றுள்ள ஆபத்து நம் வளவுகளிலேயே இருக்கிறது. மலசலகூடக் குழியிலிருந்து கசியும் கழிவு, நைத்திரேற்றையும் நோய்க்கிருமிகளையும் மணலினூடாக அயல் கிணற்றுக்குக் கொண்டுசெல்லும். பின்பு வாவியையும் அடையும். வாவி மீனை உண்பவர்களும் நாமே. மோட்டார் வைத்து அளவின்றி இறைப்பதும், மழைநீர் இறங்க இடமின்றி வளவு முழுவதும் சீமெந்து இடுவதும் நன்னீர் வில்லையை மெலியச் செய்யும்.

வுழூச் செய்கையிலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று கற்றவர்கள் நாம். வளவில் ஒரு பகுதியையேனும் மண்ணாக விடுவதும், குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைப்பதும் அந்த ஒழுக்கத்தில் அடங்கும்.