குளிரின் எல்லையில் கண்ட வளைவு

குளிருக்கும் ஓர் எல்லை உண்டு. சென்டிகிரேடு அளவில் பூஜ்யத்திற்குக் கீழே 273.15 பாகையே அது. விஞ்ஞானிகள் அதனைத் 'தனிப் பூஜ்யம்' என்பர். அதனை நெருங்கலாமேயன்றி எட்ட இயலாது.

தனிப் பூஜ்யத்திற்கு மேல் 2.17 பாகைக்குக் கீழே, சாதாரண ஹீலியத் திரவம் உராய்வின்றி ஓடும் என்பது 1938-இல் வெளியாயிற்று. அதன் இலேசான இனமாகிய ஹீலியம்-3-உம் அவ்வாறு ஓடுமோ என்னும் ஐயம் நெடுநாள் நீடித்தது.

1971-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் டேவிட் லீ, ராபர்ட் ரிச்சர்ட்சன் ஆகியோரின் ஆய்வுக் கூடத்தில் பயின்ற மாணவர் டக்ளஸ் ஓஷெராஃப், திரவமும் திண்மமும் கலந்த ஹீலியம்-3-ஐ மெல்ல அமுக்கினார். அமுக்கினால் பொருள்கள் சூடேறுவதே வழக்கம். ஹீலியம்-3-ஓ, 0.3 பாகைக்குக் கீழே, உறையும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஆதலின் கலவை மேலும் குளிரும். அணுக்கருக்களின் சுழற்சி திரவத்தைவிடத் திண்மத்தில் ஒழுங்கு குன்றியிருப்பதே இதற்குக் காரணம்.

பாகையின் ஆயிரத்தில் ஏறத்தாழ 2.7 பங்கு வெப்பநிலையில், அழுத்தத்தைப் பதிந்த கோடு சற்றே வளைந்தது. கருவியின் கோளாறென்று ஓஷெராஃப் தள்ளிவிடவில்லை. திரும்பச் சோதித்தார், அதே அழுத்தத்தில் அதே வளைவு!

திண்மத்தில் நிகழ்ந்த மாற்றம் என்று 1972-இல் முதற் கட்டுரை எழுதினர். அது பிழை. காந்தப் புலத்தின் துணையால் திரவத்தையும் திண்மத்தையும் பிரித்தறிந்தபோது, மாறியது திரவமே எனத் தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே அதனை அவர்களே வெளியிட்டனர். ஹீலியம்-3-உம் உராய்வின்றி ஓடும் என்பது பின்னர் உறுதிப்பட்டது. 1996-இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கண்டுபிடிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த முதற் பிழையையும் மறையாது சொல்லுதல் வேண்டும். பிழையைத் தாமே கண்டு திருத்துவதும் விஞ்ஞானமே.