மலையேறும் காரும் டர்போவும்



வெளி மாநிலங்களில் பணி புரியும் நம்மவர் பலர் இன்று விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ரயிலில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திராமல், தம் சொந்தக் காரிலேயே குடும்பத்தோடு புறப்பட்டு விடுகின்றனர். நாமும் அவர்களுள் ஒருவர். நம் பிறந்த வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில். நம் மாமனார் வீடு இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில். 1956-இல் மாநிலங்கள் மொழிவழியே அமைக்கப்பட்டபோது இவ்விரண்டு ஊர்களும் கேரளத்தில் நின்றன. வீட்டில் வழங்கும் மொழியோ தமிழ். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் எளிய வழி தமிழ்நாட்டின் வழியே செல்கிறது: பொள்ளாச்சி, பழனி, தேனி, போடிநாயக்கனூர், பிறகு பதினேழு கொண்டையூசி வளைவுகள், போடிமெட்டு. இந்த ஒரே பயணத்தில் ஒரு கார் தன் வாழ்நாளில் காணக்கூடிய வெயில், காற்று, தூசு, ஏற்றம், குளிர் அனைத்தையும் கண்டு விடுகிறது. அத்தகைய காரில் டர்போ என்னும் கருவி இருந்தால் அதை எவ்வாறு பேணுவது, அதன் ஆற்றலைக் கூட்ட முயல்வது தகுமா என்பதே இன்றைய பேச்சு.

டர்போ என்பது யாது? இஞ்சினுக்குள் டீசலோ பெட்ரோலோ எரிவதற்குக் காற்று வேண்டும். மிகுந்த காற்றைத் திணித்தால் மிகுந்த எரிபொருளை எரிக்கலாம். சிறிய இஞ்சினிலிருந்து பெரிய வேலையைப் பெறலாம். வீணே வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் செலுத்துவது இதன் தத்துவம். ஆல்பிரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் இதற்கு உரிமம் பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் நெடுங்காலம் உழைத்த பின்னரே, 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கு இது வந்தது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தார் இதை அறிந்தது சிறிய டீசல் கார்களால்தான். பியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 கன சென்டிமீட்டர் டீசல் இஞ்சின் 2007 முதல் மாருதி ஸ்விப்டிலும் பிறகு வேறு பல கார்களிலும் அமைந்தது. 2020 ஏப்ரலில் புதிய மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களை நிறுத்தி விட்டது. எனினும் அவ்விஞ்சின் பொருந்திய பழைய கார்கள் இன்னும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம்முடையதும் அவ்வகையே.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவராதலின், இக்கருவிக்குத் தமிழில் ஒரு பெயர் சூட்ட நாமும் முயன்றதுண்டு. 'மிகையூட்டுச் சுழலி' என்று போடிப் பட்டறையில் சொன்னபோது மெக்கானிக் நம்மை இரக்கத்தோடு நோக்கினார். ஆகவே இங்கு டர்போ என்றே வழங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பராமரிப்புக்கு வருவது நலம். வடக்கே நாம் வாழும் நகரில் ஒரு பட்டறையார், "மலையில் கார் பறக்கும்" என்று சொல்லி, இஞ்சின் வயரிங்கில் சிறு பெட்டி ஒன்றை இணைத்துத் தந்தார். எரிபொருளின் அழுத்தம் குறைவாக இருப்பதாக இஞ்சின் கணினிக்குப் பொய்க் கணக்குக் காட்டி, மிகுதியான டீசலைச் செலுத்தச் செய்வதே அப்பெட்டியின் வேலை. கார் பறந்தது உண்மை. அந்த மகிழ்ச்சியில், ஆயில் மாற்ற வேண்டிய காலம் கடந்ததையும் நாம் பொருட்படுத்தவில்லை. போடிமெட்டு ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிப் பூப்பாறை வீட்டு வாசலில் நின்றதும், மாமனார், "மாப்பிள்ளை, வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள், காபி ஆறுகிறது" என்றார். நாமும் உடனே அணைத்தோம்.

மூன்றாம் நாள் இரவு மாமனாருக்கு நெஞ்சு வலி கண்டது. தேனியில் உள்ள அரசு மருத்துவமனைக்கு இறக்க வேண்டும். காரைக் கிளப்பியதும் முற்றம் முழுவதும் நீலப் புகை சூழ்ந்தது. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், அதன் நுனியில்கூட ஆயில் இல்லை. அந்த இரவில் நம்மைக் காத்தது, ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஒரு பழைய ஜீப். அதில் டர்போ என்பதே இல்லை! மாமனார் பிழைத்தார். அந்த அரைமணி நேரத்தில் நம் மனைவி நம்மைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க இயலவில்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, அச்சை விரலால் அசைத்துக் காட்டினார். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருப்பது இயல்பு. ஆனால் அச்சு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரத்தின் இதழ் கூட்டை உரசினாலோ டர்போ கெட்டது என்பது பொருள். நம்முடையதில் இரண்டும் இருந்தன. "ஏறி வந்த மாட்டைக் கொஞ்சம் நிற்க வைத்துத்தானே சார் கட்டுவோம்?" என்றார் அவர்.

அவர் கூறியதன் காரணம் இது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்று வரை சுழல்வது. இவ்வேகத்தில் அதைத் தாங்குவது இஞ்சினிலிருந்து வரும் ஆயிலின் மெல்லிய படலம். ஏற்றத்தில் புகைச் சக்கரம் பல நூறு டிகிரி வெப்பம் ஏறியிருக்கும். அந்நிலையில் இஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கிறது. தேங்கிய ஆயில் வெந்து கரியாகிப் பாதையை அடைக்கிறது. ஆதலின் மலையேறி நின்றதும் ஒன்று இரண்டு நிமிடம் இஞ்சினை மெல்ல ஓடவிட்டு அணைக்க வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது அதனினும் நன்று. புதிய பெட்ரோல் டர்போ கார்கள் சிலவற்றில் அணைத்த பின்னும் குளிர்நீரைச் சுற்றவிடும் மின் பம்பு உண்டு. அவற்றுக்கும் இப்பழக்கம் கெடுதல் செய்யாது. காலையில் கிளப்பியவுடன் வேகத்தைக் கூட்டுவதும் தவறே. பூப்பாறைக் குளிரில் கெட்டியான ஆயில் டர்போவை அடையச் சிறிது நேரம் வேண்டும்.

ஆயிலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். டர்போவின் உயிர் அதிலேயே இருக்கிறது. காரின் கையேட்டில் குறித்த தரத்தையே வாங்குக. கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், தூசும் மலையும் கடும் பயன்பாட்டில் சேரும். முன்னதாகவே மாற்றுவது சிக்கனம். சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். மாசு விதி ஆறாம் படிக்கு உட்பட்ட டீசல் கார்களில் கரிவடிகட்டி உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைவாகத் தரும் தனி ஆயில் வேண்டும். அவ்வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளச் சீரான வேகத்தில் நீண்ட ஓட்டம் தேவை. மலையூர்களில் கடைத்தெருவரை மட்டும் ஓடும் கார்களுக்கு இது வாய்ப்பதில்லை. பல கார்களில் அந்த எரிப்பு பாதியில் நின்றால் டீசல் கசிந்து ஆயிலோடு கலந்து, கம்பியில் அளவு ஏறிக் காட்டும். ஆயில் குறையவில்லை என்று மகிழ்பவர் உண்டு! அது மகிழத்தக்கதன்று. கொழிஞ்சாம்பாறைச் சமவெளிச் சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுவது அத்தகைய காருக்கு நல்ல மருந்து.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே வீசும் காற்று வயல் தூசையெல்லாம் வாரி வருகிறது. அத்தூசு டர்போவின் காற்றுச் சக்கரத்தைத் தேய்க்கும். காற்று வடிகட்டியை ஊருக்குப் புறப்படுமுன் பார்த்து, அழுக்கேறியிருந்தால் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அதைக் கழற்றும்போது கைத்துணியையோ திருகாணியையோ குழாய்க்குள் மறந்துவிடலாகாது. டர்போ எதையும் விழுங்கும்.

ரப்பர்க் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். ஏற்றத்தில் இழுவை திடீரெனக் குறைந்து, சீழ்க்கை ஒலியோடு கரும்புகை வந்தால், ஏதோ ஒரு குழாய் கழன்றது அல்லது கிழிந்தது. குழாயின் மேல் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போர் உளர். நின்ற இடத்தில் மெல்ல ஓடும் இஞ்சினில் டர்போவின் அழுத்தமே இராதாகையால், அதனால் பயனில்லை. குழாயினுள் சிறிது ஆயில் ஈரம் இருப்பது இயல்பு. குளம்போல் தேங்கினால் பட்டறைக்குச் செல்க. நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். அதைக் கண்டபின் ஓட்டலாகாது. ஏனெனில் டர்போவிலிருந்து கசியும் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு டீசல் இஞ்சின் கட்டின்றி ஓடத் தொடங்குவது உண்டு. சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. கியர் மாற்றும் காரானால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு இஞ்சினைத் திணற வைத்து நிறுத்த வேண்டும். இயலாவிடில் எல்லாரையும் இறக்கித் தொலைவில் நிற்கச் செய்க.

இனி ஆற்றலைக் கூட்டும் ஆசைக்கு வருவோம். மலையில் அது ஏன் தீது என்பதைக் கணக்கால் காணலாம். 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றுப் பக்கத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே. டர்போ இல்லாத ஜீப் அங்கே ஆறில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. டர்போ உள்ள கார் அதை ஈடுசெய்கிறது. ஆனால் விலை கொடுத்து. கடல்மட்டத்தில் காற்றை இரு மடங்காக அமுக்கினால் போதும் என்ற இடத்தில், இங்கே ஏறக்குறைய 2.4 மடங்கு அமுக்க வேண்டும். அச்சு முன்னினும் வேகமாகச் சுழல்கிறது. அதன்மேல் பொய்க் கணக்குப் பெட்டியும் சேர்ந்தால் டர்போவும் கிளட்சும் எவ்வளவு தாங்கும்? நம் டர்போ கெட்டதற்குப் பெட்டியே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். பழைய ஆயிலும் அவசரமாக அணைத்ததும் சேர்ந்தே கெடுத்தன. எனினும் மற்றிரண்டும் கவனக்குறைவு; பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினோம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த தன்மைக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பெட்டியைக் கழற்றிய பின் அத்தொகையில் ஒரு பகுதியை நாம் புதிய டயர்களுக்கும் பிரேக் ஆயிலுக்கும் செலவிட்டோம். ஏறும் வலிமையைக் கூட்டுவோர், அதே வண்டி இறங்கவும் வேண்டும் என்பதை எண்ணுவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறியது இறக்கத்தின் வெப்பத்தில் கொதித்தால் பிரேக் மிதி தரை வரை அமுங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. சிறிய இஞ்சின் பொருந்திய இக்கால டர்போ கார்கள் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலிமை குறைந்தவை. எனவே போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே முதல் வளைவுக்கு முன்னரே போட்டு இறங்குக. மாமனார் இப்போதும் காபி ஆறுகிறது என்று அழைக்கிறார். இரண்டு நிமிடம் கழித்தே உள்ளே செல்கிறோம்.