கரியும் கறியும்

நெய்வேலி நகரியத்தில் வளரும் சிறுவர்க்குக் கரி என்னும் சொல்லை எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கிவைத்த சுரங்கப்பணி, மணற்கல்லையும் களிமண்ணையும் அகற்றிச் சென்று, 1961இல் பழுப்பு நிலக்கரியை எட்டியது. அவ்வூரார்க்குக் கரி என்பது, அனல்மின் நிலையத்தில் எரிந்து மின்னாற்றல் தரும் பொருளே.

அவ்வூர் மாணவன் ஒருவன் திருக்குறளில் 'நீத்தார் பெருமை' என்னும் அதிகாரத்தைப் படிக்கின்றான் என்று வைத்துக்கொள்க. ஐம்புலன்களை அடக்கியவனது ஆற்றலுக்கு இந்திரனைக் கரியாக வள்ளுவர் காட்டுகின்றார். இந்திரன் வெந்து கரியானான் போலும் என்று அவன் எண்ணினால் நகைப்பு உண்டாகும். ஆயினும் குற்றம் முழுதும் அவனுடையதன்று. அங்கே கரி என்பதற்குச் சான்று என்பது பொருள். கம்பர் காவியத்திலோ அவ்வடிவமே யானையைக் குறிக்கும். கையை உடையது என்னும் கருத்தில் அமைந்த வடசொல் அது.

ஓரெழுத்து மாறிக் கறி என்றால், சங்க நூல்களில் அது மிளகு. யவனர் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொணர்ந்து, அதற்கு ஈடாகக் கறியை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உள்ளது. இன்றைய பொருளைக் கொண்டால், அவர்கள் இறைச்சிக்காகவோ காய்கறிக்காகவோ கடல் கடந்தனர் என்றாகிவிடும்!

பெயர்ச்சொல்லில் நேரும் பிழையைக் குறிப்புரை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வினைச்சொல்லில் நேர்வது அதனினும் பெரிது, பொருளையே தலைகீழாக்கிவிடும். 'மாணவன் சுரங்கத்தைக் காணா வியந்தான்' என்று பழைய நடையில் ஒருவர் எழுதினால், காணாமலே வியந்தான் என்று இக்காலத்தார் கொள்வர். பழந்தமிழிலோ கண்டு வியந்தான் என்றும் அது பொருள்படும். நன்னூல் 'செய்யா' என்னும் வாய்பாட்டை, 'செய்து' என்பதனோடு ஒருங்கு வைத்து உடன்பாட்டு வினையெச்சமாகவே கூறுகின்றது. பேச்சு வழக்கில் அது மறைந்தமையால், 'ஆ' என்னும் ஈற்றைக் கண்டவுடன் இல்லை என்று பொருள் கொள்ளும் பழக்கம் நிலைத்துவிட்டது.

வேறுபாட்டை அறியப் பின்வரும் சொல்லை நோக்குதல் வேண்டும். 'உண்ணா வந்தான்' என்பதில் பின்னே வினை நிற்கின்றது. ஆதலின் உண்டு வந்தான் என்று கொள்ள இடமுண்டு. 'உண்ணாக் குதிரை' என்பதில் பெயர் நிற்கின்றது. அது 'உண்ணாத' என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வலி மிகுதலை மட்டும் நம்புதல் ஆகாது. 'உண்ணாச் சென்றான்' என வினையெச்சத்திலும் அது மிகும். 'குதிரைகள் புல் உண்ணா' என்று தொடர் அங்கேயே முடியுமாயின், அது பலவின்பால் எதிர்மறை வினைமுற்று.