நல்லவனா கெட்டவனா: தாதா படங்களின் அரசியல்

'நாயகன்' (1987) படத்தின் முடிவில் பேரன் தாத்தாவிடம், நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். வேலு நாயக்கருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியே ஒரு பொறி என்பதுதான் நாம் சொல்ல வருவது. ஒரு தனிமனிதனின் நெஞ்சைத் தோண்டிக்கொண்டு கிடக்கும்வரை, இவனை யார் உண்டாக்கினார்கள், இவன் யாருக்குத் தேவைப்பட்டான் என்று கேட்க மாட்டோம்.

நாயக்கருக்கு முன்மாதிரி வரதராஜ முதலியார் என்பது ஊரறிந்த சங்கதி. விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கியவர், கள்ளச்சாராயத்தில் வளர்ந்தவர். அந்தச் சரக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம்தான் அதற்குச் சந்தை பிடித்துக் கொடுத்தது. குடிசைத் தமிழனுக்குப் பட்டா கிடையாது. இடிக்க வந்தால் முறையிடப் போக்கிடம் கிடையாது. சட்டம் விலகி நின்ற இடத்தில் தாதா வந்து உட்கார்ந்தார். இந்த வரலாறு முழுவதும் படத்தில் ஒரு மனிதனின் கருணையாகச் சுருங்கிப்போகிறது.

ஜப்பானிலும் இதே கதைதான். 1960களில் தோயெய் நிறுவனம் எடுத்துத் தள்ளிய யாகுசா படங்களில் நாயகன் கடமைக்கும் பாசத்துக்கும் நடுவே கிழிபடுவான். கடைசியில் வாளோடு கிளம்புவான். நம்ம நாயக்கருக்கு அண்ணன் முறை.

1973இல் அதே நிறுவனத்துக்குள்ளிருந்தே கின்ஜி ஃபுகாசாகு அந்தப் பிம்பத்தை உடைத்தார். தர்மம் இல்லாத சண்டைகள் என்று பொருள்படும் தலைப்புடைய அந்தப் படம், நிஜ யாகுசா ஒருவரின் நினைவுக்குறிப்புகளை அடியொற்றியது. அணுகுண்டுப் புகைமண்டலத்தில் தொடங்கி, ஹிரோஷிமாவை அடுத்த குரே துறைமுகத்தின் கள்ளச்சந்தைக்குள் இறங்குகிறது. ரேஷன் வயிற்றுக்குப் போதாத காலம். பட்டாளத்திலிருந்து திரும்பியவனுக்கு வேலை இல்லை. துப்பாக்கி பிடிக்க மட்டும் தெரியும். தலைவன் யமமோரியோ அழுதே காரியம் சாதிக்கிற ஆள். தர்மத்தை வாயால் பேசுகிறவன் பிழைக்கிறான், நம்பினவன் சாகிறான். ஒவ்வொரு சாவிலும் காட்சி உறைந்து நிற்க, செத்தவன் பெயரும் தேதியும் எழுத்தில் வரும், போலீஸ் பதிவேடு மாதிரி. அழுவதற்கு அவகாசமே கிடையாது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு இது புரியும். பொம்மைக்கு மூக்கு கோணினால் பொம்மையைத் திட்டிப் பயனில்லை, அச்சைப் பார்க்கணும். ஃபுகாசாகு பார்த்தது அச்சை.

தமிழில் அந்தப் பார்வை தாமதமாகத்தான் வந்தது. 'புதுப்பேட்டை' (2006) கொக்கி குமார் வழியாக, ரவுடி கட்சிக்கு வெளியே இருப்பவனல்ல, கட்சியின் கைதான் என்று காட்டியது. 'வட சென்னை' (2018) ஒரு படி மேலே போய்ச் சண்டையை நிலத்தில் வைத்தது: கரையோரக் குடியிருப்புகளை அகற்றிப் போடவிருக்கும் ரோடு. எதிர்த்து நிற்கும் ராஜனைக் கொல்வது அவன் வளர்த்த தம்பிகளே. என்றாலும் ராஜன் அங்கேயும் அப்பழுக்கற்றவன்தான். நல்ல தாதா என்கிற கனவை நம்மால் விட முடியவில்லை.

ஏன்? அந்தக் கனவு ரொம்ப வசதியானது. நமக்காக யாரோ ஒருத்தர் அடித்துக்கொடுப்பார் என்று காத்திருக்கலாம். சங்கம் வைக்க வேண்டாம், மனு எழுத வேண்டாம், கூடி நிற்க வேண்டாம். அடுத்த தாதா படம் பார்க்கும்போது அவர் நல்லவரா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் போன பிறகு அந்தக் குடிசை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம்.