உசேன் போல்ட் எங்கே வேகம் எடுத்தார்?

2009 ஆகஸ்ட் 16. பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதிச்சுற்று. ஜமைக்காவின் உசேன் போல்ட் 9.58 விநாடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்து உலக சாதனை படைத்தார். பந்தயத்தின் பிற்பகுதியில் அவர் மற்றவர்களை விட்டு விலகிப் போவதைப் பார்ப்பவர்களுக்கு, அங்கேதான் அவர் வேகத்தைக் கூட்டினார் என்று தோன்றும். உண்மையில் அவருடைய முடுக்கம் எங்கே அதிகம், எங்கே குறைவு? இதைக் கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும்.

அன்றைய ஓட்டத்தை ஆய்வாளர்கள் லேசர் கருவிகளால் அளந்தார்கள். துப்பாக்கி ஒலித்து 0.146 விநாடி கழித்துத்தான் போல்ட் கிளம்பினார். அந்தத் தாமதத்தையும் சேர்த்து முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி ஆனது. அடுத்தடுத்த 20 மீட்டர்களுக்கு முறையே 1.75, 1.67, 1.61, 1.66 விநாடிகள்.

ஒவ்வொரு 20 மீட்டரையும் அதற்கு ஆன நேரத்தால் வகுத்தால் அந்தப் பகுதியின் சராசரி வேகம் கிடைக்கும். தாமதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முதல் பகுதியில் விநாடிக்கு 7.29 மீட்டர், பிறகு 11.43, 11.98, 12.42, கடைசியில் 12.05. இதில் 12.42 என்பது மணிக்கு 44.7 கிலோமீட்டர். நேர்க்கோட்டில், ஒரே திசையில் ஓடுவதால் இந்த வேகத்தையே திசைவேகமாகவும் கொள்ளலாம்.

இனி வரைபடம். கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் திசைவேகம். ஒவ்வொரு பகுதியின் சராசரியையும் அந்தப் பகுதிக்கு ஆன நேரத்தின் நடுப்புள்ளியில் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால் 1.52, 3.77, 5.48, 7.12, 8.75 விநாடிகளில் ஐந்து புள்ளிகள் விழும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் சாய்வே முடுக்கம். திசைவேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை, அந்த மாற்றத்துக்கு ஆன காலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரு புள்ளிகளுக்கிடையே திசைவேகம் 4.14 கூடியிருக்கிறது, அதற்கு ஆன காலம் 2.25 விநாடி. முடுக்கம் 1.84 மீ/வி². அடுத்த கோட்டில் அது 0.32 ஆகவும், அதற்கடுத்ததில் 0.27 ஆகவும் சுருங்குகிறது. கடைசிக் கோடு கீழ்நோக்கிச் சாய்கிறது. அங்கே முடுக்கம் கழித்தல் 0.23. அதாவது, கடைசி 20 மீட்டரில் போல்ட் வேகம் இழந்துகொண்டிருந்தார்.

மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. 7.12-ஆவது விநாடியில் திசைவேகம் 12.42, ஒன்றை மற்றொன்றால் வகுத்து முடுக்கம் 1.74 என்று எழுதிவிடுவார்கள். அது துப்பாக்கி ஒலித்ததிலிருந்து அந்த நொடி வரையிலான சராசரி. அந்த நொடியின் முடுக்கம் வேண்டுமென்றால் ஐந்து புள்ளிகள் வழியாகவும் சீராகச் செல்லும் வளைகோட்டுக்கு அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து அதன் சாய்வைப் பார்க்க வேண்டும். வளைகோட்டின் உச்சியில் தொடுகோடு கிடையாகப் படுத்துவிடும். மிக அதிக வேகத்தில் ஓடும் கணத்தில் முடுக்கம் சுழியம்!

உச்சகட்ட முடுக்கம் இருப்பது புறப்படும் இடத்தில். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013-இல் இந்த ஓட்டத்துக்கு ஒரு கணித மாதிரி அமைத்தார்கள். அதன்படி போல்ட்டின் தொடக்க முடுக்கம் சுமார் 9.5 மீ/வி². கையிலிருந்து நழுவும் கல்லின் முடுக்கமான 9.8-க்கு மிக அருகில். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. அவருடைய தசைகள் செய்த வேலையில் 92 சதவீதம் அந்தத் தடையை எதிர்ப்பதிலேயே செலவானது என்பது அவர்கள் கணக்கு. கால்கள் முழுமூச்சாக உழைத்தும் கோடு மேலே ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சாய்வைக் கணக்கிடுவதில் எச்சரிக்கையும் தேவை. 60 மீட்டரைக் கடந்த நேரம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு தள்ளிப் பதிவாகியிருந்தால், மூன்றாம் பகுதி 1.68 ஆகவும் நான்காம் பகுதி 1.60 ஆகவும் மாறும். வேகங்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. முடுக்கமோ 0.27-இலிருந்து 0.36-க்குத் தாவிவிடும். நெருக்கமான இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுக்கும்போது சின்னப் பிழையும் பெரிதாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நூறு மீட்டரை 41 அடிகளில் கடந்த போல்ட்டின் கால் ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் வேகம் சற்றுக் குறைந்து, உந்தும்போது மீண்டும் கூடும். நெருக்கமாக அளந்தால் வரைபடம் முழுக்கச் சிற்றலைகள் தெரியும். அந்த அலைகளைச் சமன்செய்த பிறகே சாய்வை நம்ப முடியும்.

இதே வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவு, ஓடிய தூரத்தைத் தரும். வேகத்தையும் காலத்தையும் இப்படி ஓர் உருவமாக வரைந்து, பரப்பளவில் தூரத்தைக் கண்டவர் 14-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம்.

கடைசி 20 மீட்டரில் வேகம் குறைந்தது என்றால், அங்கே போல்ட் முன்னேறுவது போல் தெரிவது ஏன்? கடைசி 20 மீட்டரில் முன்னணி வீரர்கள் அனைவருக்குமே பொதுவாகக் கோடு கீழ்நோக்கித்தான் சாய்கிறது. வேகம் குறையும் நிலையிலும் போல்ட்டின் வேகம் மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருக்கும்வரை இடைவெளி விரிந்துகொண்டே போகும். அதனால்தான் ஓட்டப் பயிற்சியில் புறப்பாட்டு வேகத்துக்குத் தனியாகவும், எட்டிய வேகத்தைக் கடைசிவரை தக்கவைப்பதற்குத் தனியாகவும் நேரம் ஒதுக்குகிறார்கள்.