மறைத்த கையை நீட்டுவோம்

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கச் செல்லும் வரிசையை நாம் என்றேனும் கவனித்திருக்கிறோமா? மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைகள், வலை இழுத்துத் தழும்பேறிய கைகள், எழுதுகோல் மட்டுமே அறிந்த மென்மையான கைகள் என எத்தனையோ கைகள் ஆண்டவரைப் பெறுவதற்காக நீள்கின்றன. அவற்றினிடையே சேலை முந்தானைக்குள் மறைந்து வரும் கைகளும் உண்டு. கொப்புளமும் வெடிப்புமாய் இருக்கும் தன் கையைப் பிறர் கண்டுவிடுவார்களோ என்று அஞ்சி, அதை மூடிக்கொண்டே நாவில் நற்கருணை பெற்றுத் திரும்பும் தாய்மாரும், கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூசும் இளைஞரும் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை.

கையில் அரிப்புடன் கொப்புளம் தோன்றியதும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? முதலில் மறைக்கிறோம். பின்பு அண்டை வீட்டார் சொன்ன பச்சிலையையோ, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பையோ பூசுகிறோம். இன்னும் சில வீடுகளில், நோயுற்ற மருமகளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துவிடுகிறார்கள். சமையலறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அவ்வாறு ஒதுக்கி வைக்கப்பட்டவரின் நோய் பெரும்பாலும் ஒட்டுநோயே அன்று. ஒட்டக்கூடிய நோயோ, ஒருவரை மட்டும் ஒதுக்குவதால் தீர்வதில்லை. ஆகவே கையில் தோன்றும் கொப்புளங்களை வகையறிந்து கொள்வது, உடல் நலத்துக்கு மட்டுமன்றிக் குடும்ப நலத்துக்கும் இன்றியமையாதது.

களிம்பைத் தேடுமுன் நான்கு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அரிப்பு இரவில் மிகுகிறதா? வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உண்டா? கை அண்மையில் எதைத் தொட்டது? கொப்புளம் உள்ள இடத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? இந்நான்கு கேள்விகளின் துணைகொண்டு ஒவ்வொரு வகையாகக் காண்போம்.

ஜவ்வரிசி போன்ற கொப்புளங்கள்

விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும், சிலருக்கு உள்ளங்காலிலும், தோலுக்கடியில் ஆழமாகப் பதிந்தாற்போல் சின்னஞ்சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றும். வேகவைத்த ஜவ்வரிசி மணிகளை நினைவூட்டும் இவற்றில் அரிப்பும் எரிச்சலும் கடுமையாக இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் இவை வற்றித் தோல் உரிந்துவிடும். அப்பாடா என்று மூச்சுவிடும் வேளையில் மறுபடி வந்தாலும் வரும்.

இது கரப்பான் எனப்படும் எக்சிமாவின் ஒரு வகை. 1873-இல் லண்டன் மருத்துவர் டில்பரி ஃபாக்ஸ் இதனை விவரித்தபோது, வியர்வை வெளியேறாமல் தேங்குவதே காரணம் என்று கருதினார். வியர்வைச் சுரப்பிகளில் குறை ஏதும் இல்லை என்பது பிற்காலத்து ஆய்வுகளில் தெரிந்தது. எனினும் வெப்பமும் மிகுந்த வியர்வையும் இதனைக் கிளறிவிடுகின்றன என்பது மெய்யே. மனக்கவலையும் அவ்வாறே. ஆஸ்துமா, மூக்கொழுகல் போன்ற ஒவ்வாமை உள்ள குடும்பத்தினரிடமும், நிக்கல் முதலிய உலோகங்கள் ஒத்துக்கொள்ளாதவரிடமும் இதைக் காணலாம்.

இன்னொரு வியப்பும் உண்டு. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாகக் கிடக்கும் பூஞ்சை நோய்க்கு உடல் காட்டும் எதிர்ப்பு, கையில் கொப்புளமாக வெளிப்படுவதுண்டு. அப்போது காலுக்கு மருத்துவம் செய்தால்தான் கை குணமாகும். ஆகவே கையைக் காட்ட மருத்துவரிடம் செல்பவர் காலையும் காட்டுவது நலம்.

இக்கரப்பான் எவருக்கும் ஒட்டாது. இந்நோயுள்ள தாய் தன் குழந்தையைத் தூக்கலாம், சோறு பிசைந்து ஊட்டலாம். அவளுக்குத் தனித் தட்டு வேண்டுவதில்லை.

கொப்புளங்களைக் குத்தி உடைக்கலாகாது. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைக் கால்மணி நேரம் கையில் சுற்றி வைப்பது, நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்தால் அரிப்பைத் தணிக்கும். அரிப்புக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கும் நீரில் கையை வைப்பது அந்நேரத்துக்குச் சுகம் தந்தாலும் தோலை மேலும் உலர்த்திக் கெடுக்கும். கழுவியபின் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வெள்ளை வாசலின் பூச வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டே பாத்திரம் துலக்க வேண்டும், ஏனெனில் அதனடியில் சோப்பு தங்கிவிடும்.

நீர் கசியும் நிலையில், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் கையை நனைத்து வைக்குமாறு மருத்துவர் கூறலாம். அந்நீர் இளஞ்சிவப்பாக மட்டுமே இருக்க வேண்டும், ஒரு மணிகூடக் கரையாமல் இருத்தலாகாது. அடர்ந்த கரைசல் தோலைப் பொசுக்கும், விழுங்கினால் உயிருக்கே கேடு. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அதைப் பூட்டி வையுங்கள்.

இரவில் விழித்தெழும் அரிப்பு

பகலில் பொறுக்கக்கூடியதாக இருந்த அரிப்பு, பாயில் படுத்ததும் தாங்க முடியாததாகிறதா? விரலிடுக்குகள், மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றிய இடம் ஆகியவற்றிலும் சிறு பருக்கள் உள்ளனவா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? அவ்வாறாயின் அது சொறிசிரங்காகவே இருக்கக்கூடும்.

அரை மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாத ஒரு சிற்றுயிர் தோலின் மேலடுக்கைத் துளைத்து, அதில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுவதால் வருவது இது. 1687-இல் இத்தாலிய மருத்துவர் ஜியோவன் கோசிமோ பொனோமோ இச்சிற்றுயிரை உருப்பெருக்கியில் கண்டு விவரித்தார். அவரை அதன்பால் ஈர்த்தது எது தெரியுமா? ஏழைத் தாய்மார் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுப்பதைக் கண்டதுதான்! மருத்துவ நூல்கள் ஏற்குமுன்பே தாய்மாரின் கண்கள் அறிந்திருந்த உண்மை இது.

சொறிசிரங்கு வருவது அழுக்கினால் என்று எண்ணுவது தவறு. நாள்தோறும் குளிப்பவருக்கும் வரும். நெருங்கி வாழ்வதும், ஒரே பாயில் சேர்ந்து உறங்குவதும், தோலோடு தோல் நெடுநேரம் படுவதுமே இதைப் பரப்புகின்றன. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பையனோடு நோயும் வீட்டுக்குள் வருவது நாம் அறிந்ததே. அதற்காகப் பையனைக் கடிந்து என்ன பயன்? 2017-இல் உலக சுகாதார நிறுவனம், கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது. ஏழைகளின் துன்பம் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை அன்றோ?

இங்கே மிக முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். முதன்முறை இந்நோய் தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அரிப்பே தோன்றாமல் இருக்கலாம். அரிப்பு இல்லாத அந்நாட்களிலும் அவர் பிறருக்கு அதைத் தரக்கூடும். அரிப்பவருக்கு மட்டும் மருந்து பூசினால், அரிப்பில்லாத பாட்டியிடமிருந்தோ தங்கையிடமிருந்தோ நோய் திரும்ப வந்துவிடும். எனவே வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

பெரும்பாலும் தரப்படும் மருந்து ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. இரவில் உடலை நன்கு துடைத்து உலரவிட்டு, கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை ஓரிடமும் விடாமல், விரலிடுக்கிலும் நகத்தடியிலும் பூச வேண்டும். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மீண்டும் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறையும் பூசுதல் தேவை. கைக்குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும். உடுத்த துணி, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி நான்கு நாட்கள் தொடாமல் வைத்தால் போதும்.

மருந்து பூசிய பின்னும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று பதறி நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிக் கொள்பவர் உண்டு. பொறுமை வேண்டும். ஆனால் சொறிந்த இடம் சீழ்பிடித்தாலோ, அதன்பின் குழந்தையின் முகம் வீங்கிச் சிறுநீர் கருத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு விரையுங்கள். சீழ்பிடித்த சிரங்கு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

உழைப்பு தந்த கொப்புளம்

மூன்றாம் வகை, கை தொட்ட பொருளால் வருவது. கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் உழைக்கும் பெண்களின் கைகளைக் கண்டவர்க்கு இது விளங்கும். முந்திரிக்கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய், பட்ட இடத்தைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும் காரம் உடையது. கொத்தனாரின் கையைச் சிமெண்டு அரிப்பதும், அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாக மாறுவதும் இவ்வகையே. தலைச்சாயம், கவரிங் நகை, சலவைத்தூள், ஓயாமல் உரிக்கும் பூண்டு ஆகியவையும் இவ்வாறு செய்யக்கூடும்.

விடுமுறை நாட்களில் கை தேறி, வேலைக்குத் திரும்பியதும் மோசமாகிறதென்றால் காரணம் வேலையில் இருக்கிறது. எது ஒவ்வாதது என்று அறிய, ஐயமுள்ள பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனை பெரிய மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவில் உண்டு. உள்ளே பருத்தியுறையும் மேலே இரப்பர் உறையும் அணிந்து வேலை செய்வது நல்ல காப்பு. கையுறைக்குள் வியர்த்தால் அவ்வப்போது கழற்றிக் காற்றாட விடுங்கள். உழைப்பவர் கையுறை கேட்டால் அதை ஆடம்பரம் என்று முதலாளிகள் எண்ணலாகாது. அது உழைப்பாளியின் உரிமை.

அரிக்காத கொப்புளம்

நம் மக்கள் உள்ளூர அஞ்சுவது தொழுநோயையே. ஆனால் தொழுநோயின் தேமல் பொதுவாக அரிப்பதில்லை. அங்கே உணர்ச்சி மங்கிப்போகும்.

மொலோக்காய் தீவில் தொழுநோயாளரிடையே 1873-இல் பணி ஏற்ற புனித தமியான் அடிகளை நாம் அறிவோம். 1884-இன் இறுதியில் ஒருநாள் அவர் கால்களைச் சுடுநீரில் வைத்தார். தோல் வெந்து கொப்புளித்தது. ஆனால் வலி தெரியவில்லை. அந்த வலியின்மையே அவருக்குத் தம் நோயை அறிவித்தது. 1889-இல் அவர் இறந்தார், 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் காலத்தில் அந்நோய்க்கு மருந்து இல்லை. இன்றோ ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்தினால் அது முற்றும் குணமாகிறது. அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்து இலவசம்.

ஆகவே அரிக்கும் கொப்புளத்தைக் கண்டு தொழுநோயென நடுங்க வேண்டாம். சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்தால், அல்லது தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், அதை மறைக்காமல் உடனே காட்டுங்கள்.

களிம்பு வாங்குமுன்

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கரப்பானுக்கு மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு அது நல்ல மருந்தே. சொறிசிரங்கில் பூசினால் அரிப்பைச் சற்றே அடக்கி நோயை மறைத்துவிடும், நோயோ உள்ளே பெருகும். படர்தாமரையில் பூசினால் அது பரவும். நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துபோகும். இக்காரணங்களால் ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மத்திய அரசு 2018-இல், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்தும் பழக்கம் மாறவில்லை. நாம் கேட்பதை நிறுத்தினால் அது மாறும்.

காய்ச்சல், சிவந்து மேலேறும் கோடு, கடும் வலி, சீழ் ஆகியவை கண்டாலும், நீரிழிவு உள்ளவர் கையில் புண் உண்டானாலும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. வேம்பையும் மஞ்சளையும் நாம் பழிக்கவில்லை. நோய் இன்னதென்று அறியாமல் எதைப் பூசினாலும் அது இருட்டில் கல்லெறிவது போன்றதே.

தொழுகைக்கூடத்தில் சூம்பிய கையுடன் இருந்த மனிதனை ஆண்டவர் அனைவர் நடுவிலும் எழுந்து நிற்கச் செய்து, கையை நீட்டச் சொன்னார். அதுவரை அவனும் அதை ஆடைக்குள் மறைத்தே வாழ்ந்திருப்பான் என்று எண்ணத் தோன்றுகிறது. நீட்டியபோதே அது நலம் பெற்றது. நம் வீட்டில் கையை மறைத்து நடமாடுபவர் யாரேனும் உளரா? இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், அவர் கையை நம் கையில் எடுத்து விளக்கொளியில் அன்புடன் பார்ப்போம். நாளைக் காலை அவருடன் நாமும் மருத்துவமனைக்குப் புறப்படுவோம்.